ஏழாம் வரிசை, பன்னிரண்டாம் குத்து

ஏழாம் வரிசையில் பன்னிரண்டாவது செடிக்கு முன்னால் வந்ததும் செலின் நின்றுவிட்டார்.

கணுக்காலுக்கு மேல் சேறு. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். கையில் நான் கொடுத்த பட்டியல். ஈர விரல் பட்டு அதன் ஓரமெல்லாம் மை கலங்கிக் கிடந்தது. விடியக்காலையில் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"இதையுமா புடுங்கச் சொல்றீக?" என்றார்.

"பட்டியல்ல என்ன போட்டிருக்கு?" நான் வரப்பில் நின்றபடி கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இல்லைன்னு போட்டிருக்கு."

"அப்பப் புடுங்கிருங்க."

"நல்லாப் பாருங்க சார். இந்த வயல்லயே இதுதான் தூர் கட்டி நிக்கிது. மத்ததெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்கக் கூச்சப்படுது."

"பாக்க நல்லாத்தான் இருக்கும். குலைநோய் வந்தா விழுந்துரும். எதிர்ப்பு சக்திக்கான மரபணு அதுகிட்ட இல்ல. ஜெல்லுல நானே பாத்தேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் செடியின் அடியைப் பிடித்து, வேரோடு பிடுங்கினார். வாய்க்காலில் அலசினார். அதைத் தூக்கிக்கொண்டு பம்ப் ரூம் பக்கம் நடந்தார். வீசப் போகிறார் என்று நினைத்து, என் காகிதத்தில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு டிக் போட்டேன்.

அந்த டிக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

செடிக்கு ரத்தப் பரிசோதனை

போன வாரம் இந்தத் தொடரில் ஆய்வுக்கூடத்து வேலையைப் பற்றி ஓரிரு வரி எழுதியிருந்தேன். மானகிரியிலிருந்து ஒரு வாசகர், 'செடிக்கும் ரத்தப் பரிசோதனை உண்டா?' என்று கேட்டுக் கார்டு போட்டிருக்கிறார். கிட்டத்தட்ட அதேதான் ஐயா. ரத்தத்துக்குப் பதில் இலை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் வேலையிலிருந்தேன். நெல்லின் மரபணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று உலகம் முழுக்க வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அலமாரி கொள்ளாத காகிதம். ஒருநாள் எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் இங்கேயே கெடந்தா எலிதான் படிக்கும். நீ காரைக்குடிக்காரன்தானே? கல்லல் ரோட்டுல ஒரு நெல்லுப் பண்ணை இருக்கு. அங்க நெல் ரகம் உருவாக்குற அம்மா ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்கு இது உதவுமான்னு பாத்துட்டு வா" என்றார்.

அந்த அம்மாதான் செலின். பக்கத்துக் கிராமத்துக் கத்தோலிக்க வேளாண் குடும்பம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். எங்கள் பக்கத்துச் சிவப்பு நெல்லைக் கொண்டு ஏழு வருடமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அந்த நெல் வறட்சிக் காய்ச்சலுக்கு அசராது, கண்மாயில் தண்ணீர் இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மார்கழிப் பனியில் குலைநோய் வந்தால் கதிரின் கழுத்து ஒடிந்து, வயல் முழுக்கப் பதராகிவிடும். செலின் கல்லூரியில் இருந்தபோது அவர்கள் வீட்டு வயலே ஒரு வருடம் அப்படிப் போனது. அறுக்க ஆள் விடவேண்டிய தேவையே இல்லாமல் அப்பா மாட்டை அவிழ்த்து விட்டதை அவர் இரண்டு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நோய் தாங்கும் வெளியூர் நெல் ஒன்றோடு சிவப்பு நெல்லைக் கலந்து, பிறகு திரும்பத் திரும்பச் சிவப்பு நெல்லோடே சேர்த்து, எதிர்ப்பு சக்தியை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அதுதான் திட்டம். சிக்கல் ஒன்றே ஒன்று. எந்தச் செடிக்குள் அந்தச் சக்தி இருக்கிறது என்று நோய் வந்தால்தான் தெரியும். எங்கள் சீமையில் நோய் வருடா வருடம் வராது. வராத வருடம் செலினுக்கு வீண் வருடம். வயல் நன்றாக விளைந்ததே என்று கவலைப்பட்ட ஒரே மனுஷியை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் கொண்டுபோனது இதற்கு ஒரு குறுக்கு வழி. அந்த எதிர்ப்பு மரபணுவுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். இலையை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல் என்கிற பாளத்தில் ஓடவிட்டால், அடையாளம் உள்ள செடிக்கு ஒரு கோடு தெரியும். இல்லாததற்குத் தெரியாது. நோய்க்குக் காத்திருக்க வேண்டாம். நாற்றாக இருக்கும்போதே சொல்லிவிடலாம்.

செலினுக்கு இதில் ஆசை வந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய திட்டத்துக்கு இன்னும் இரண்டு பருவம்தான் பாக்கி. அதற்குள் காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் வயலை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு அவரை வேறெங்காவது மாற்றிவிடுவார்கள். ஏழு வருடத்து விதை ஏதாவது ஒரு பீரோவில் போய் உட்கார்ந்துவிடும்.

மீன் பெட்டி

இலை வாடாமல் மதுரை போய்ச் சேர வேண்டும். காரைக்குடியில் மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கும் கடையில் கட்டி வாங்கி, உடைத்து, தெர்மகோல் பெட்டியில் போட்டு, நடுவில் இலைப் பொட்டலங்களை அடுக்குவேன். பெட்டிக்கு மீன் வாடை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

"என்ன தம்பி, விராலா?" என்றார் ஒரு கண்டக்டர்.

"மீனில்லண்ணே, இலை."

"எந்த வீட்டுக் கல்யாணம்?"

வாழை இலை இல்லை, நெல் இலை என்று சொன்னேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பஸ் தவறிய நாளில் பெட்டியை வீட்டு ஃபிரிட்ஜில் காலி செய்வேன். ஆத்தா, அதாவது என் தாயார், மோர்ச் சட்டிக்குப் பக்கத்தில் எண் எழுதிய பொட்டலங்களைப் பார்த்து முகம் சுளிப்பார். கொடுக்கல் வாங்கல், கடை, மலேயா என்று போன குடும்பம். இந்தப் பிள்ளை மட்டும் புல்லைப் பொட்டலம் கட்டுகிறதே என்று அவருக்கு ஆற்றாமை. ஒருமுறை கண்ணாடிக் குழாயில் டி.என்.ஏ.வை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பஞ்சு நூல் மாதிரி மிதந்தது.

"இதுலயா எல்லாம் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமாத்தா. உயரம், கலரு, நோய் தாங்குறது எல்லாம்."

"யாரு படிக்கிறது?"

"நாங்கதான், கொஞ்சங் கொஞ்சமா."

"மொதல்ல உன் கல்யாணத்துக்கு என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி, வயலுக்கு வருகிறேன். அந்தப் பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தால் நூற்றிருபது இலைக்கு மேல் பார்க்க முடியாது என்று நான் கையை விரித்துவிட்டேன். நூற்றிருபது விதையை மட்டும் தனித்தனியாக எண்ணிட்டு நாற்றங்காலில் போட்டார் செலின். மிஞ்சிய விதையை வீணாக்க மனமில்லாமல் ஒரு மூலையில் எண் இல்லாமல் தூவிவைத்தார். எண்ணிட்ட நாற்றுகளில் நுனி இலையை நான் கத்தரித்துக்கொண்டு போனேன். மூன்று நான்கு வாரம் கழித்துப் பட்டியல் தயாரானபோது, நாற்றுகள் வயலில் வரிசை மாறாமல் ஒற்றை ஒற்றையாக நடப்பட்டு வேர் பிடித்திருந்தன. எந்தச் செடி எது என்று சொல்ல அட்டை தேவையில்லை. இத்தனையாவது வரிசை, இத்தனையாவது குத்து என்று காகிதத்தில் இருந்தது. 'குத்து' என்றால் ஒரு நாற்று நட்ட இடம்.

'இல்லை' என்று வந்த செடிகளைப் பிடுங்கிவிடச் சொன்னது நான். இருக்கும் செடிகளுக்கு இடம் கிடைக்கும், பூக்கிற சமயத்தில் குழப்பம் வராது என்று காரணமும் சொன்னேன். என் பட்டியலை ஒருவர் அப்படியே நடைமுறைப்படுத்துவதைக் கண்ணால் பார்க்கும் ஆசையும் அதில் கலந்திருந்தது. அந்தக் காலையில்தான் ஏழாம் வரிசைக் குத்து போனது.

கோடு காணவில்லை

மிச்சமிருந்தவற்றில் பார்வைக்கும் நன்றாக இருந்த பன்னிரண்டு செடிகளைச் செலின் தேர்ந்தெடுத்தார். பூத்ததும் அவற்றோடு மறுபடி சிவப்பு நெல்லைச் சேர்க்க வேண்டும்.

"எதுக்கும் இந்தப் பன்னிரண்டையும் இன்னொரு தடவ பாத்துருங்களேன். உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. எனக்கு இருக்கறது இதுதான்" என்றார்.

வேண்டாத வேலை என்று நினைத்துக்கொண்டே இலை எடுத்துப் போனேன். ஜெல்லை விளக்கில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டில் எட்டுக்குக் கோடு இருந்தது. நான்குக்கு இல்லை.

அதே செடி. போன மாதம் கோடு இருந்தது. இந்த மாதம் இல்லை.

டி.என்.ஏ. மனசு மாறாது. அப்படியானால் தவறு என்னுடையது. குழாய்களை மாற்றி வைத்துவிட்டேனா? ஐஸ் உருகிப் பொட்டலத்து எண் அழிந்துபோனதா? நான்கு தவறு என்றால், பிடுங்கிப் போட்டதில் எத்தனை தவறு? கோடு உள்ள செடிகளை அல்லவா சேற்றில் இறங்காமல் வரப்பில் நின்று பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் ஆய்வுக்கூடத்திலேயே சுற்றினேன். பழைய நோட்டைப் புரட்டினேன், மருந்துகளை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே எட்டு, அதே நான்கு. பூக்கள் வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைக்காதா என்று தேடினேன். பயந்துபோயிருந்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கல்லல் பஸ் ஏறினேன்.

நண்டு வெட்டிய இடம்

களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ரீத்தம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் ஆள் சேர்ப்பது அவர்தான். செலினும் அவரும் ஒரே ஊர், ஒரே கோவில். அதிகாரிகள் இருக்கும்போது 'மேடம்' என்பார், மற்ற நேரத்தில் 'செலினு'.

செலின் வரப்புக்கு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நாலு செடி தப்பா வந்திருக்கு. நேத்துத்தான் தெரிஞ்சது" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. கோபப்படவில்லை. "எந்த நாலு?" என்று மட்டும் கேட்டார்.

நான் காகிதத்தைப் பார்த்து உரக்க வாசித்தேன். "மூணாவது வரிசை எட்டு. நாலாவது வரிசை ஒம்பது..."

"வரப்போரம் இருக்குற மூணாவது வரிசையா?" குனிந்திருந்த ரீத்தம்மாள் நிமிர்ந்தார். "அது நண்டு வெட்டுன எடம்ல? நாந்தான பாடுவாசி போட்டேன்."

செலின் மெதுவாகத் திரும்பினார். "என்ன போட்டீக?"

"பாடுவாசி. நட்டு எட்டாம் நாளு வந்து பாத்தா அங்கங்க ஓட்டையாக் கெடந்துச்சு. மூலையில நாத்து மிச்சமிருந்துச்சுல்ல, எடுத்து வச்சுவிட்டேன். எல்லா வருசமும் வைக்கிறதுதான?"

நட்ட நாற்றில் சிலது சாகும். நண்டு வெட்டும், மழை சாய்க்கும். ஒரு வாரம் பத்து நாளில் நடவுப் பெண்கள் மறுபடி வந்து அந்த வெற்றிடங்களை மிச்ச நாற்றால் நிரப்பிவிட்டுப் போவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது நடவோடு சேர்ந்த மரியாதை. நான் அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

செலினுக்கு வார்த்தை தெரியும். இருந்தும் அவருக்கு ஏன் தோன்றவில்லை? நான் பிற்பாடு பலநாள் இதை யோசித்திருக்கிறேன். அவர் ஏழு வருடமாகக் கண்ணால் தேர்ந்தெடுத்தவர். கதிர் முற்றும்போது எது நன்றாக நிற்கிறதோ அதை எடுப்பார். அது முதல் நாள் நட்டதா, எட்டாம் நாள் நிரப்பியதா என்பதில் அவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, எல்லாம் ஒரே கலப்பின் பிள்ளைகள். நாற்றங்காலில் கிள்ளிய இலையும் மூன்று மாதம் கழித்துப் பூக்கிற செடியும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் என்னோடு வந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

"எத்தன எடத்துல வச்சீகக்கா?" செலின் கேட்டார்.

"எண்ணியா வச்சேன்? ஒரு இருவது இருவத்தஞ்சு இருக்கும்."

"எங்குட்டு எங்குட்டுன்னு காட்ட முடியுமா?" இது நான்.

ரீத்தம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டை இருந்துச்சுன்னே தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா அது என்ன பாடுவாசி?" கையிலிருந்த களையை வரப்பில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு வேணாச் சொல்றேன். நீங்க ஒத்தை ஒத்தையா நடச் சொன்னீக, நட்டோம். பாடுவாசிக்கு மட்டும் ரெண்டு ரெண்டாத்தான் வச்சேன். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்ல. அடியில தடவிப் பாருங்க."

அன்றுதான் நான் செருப்பைக் கழற்றினேன். சேறு ஜில்லென்று கால்விரல் இடுக்கில் ஏறியது. குத்துக் குத்தாக அடியில் விரலை விட்டுத் துழாவினோம். ஒற்றைச் செடிக்கு அடி ஒரே முடிச்சாக இருந்தது. நிரப்பிய குத்தில் இரண்டு முடிச்சு, நடுவில் விரல் நுழையும் இடைவெளி. தவறாக வந்த நான்கிலும் இரண்டிரண்டு.

செலின் திடீரென்று துழாவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழாவது வரிசை, பன்னிரண்டு" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வயலிலேயே அதிகமாகக் கிளைத்துத் தூர் கட்டிய செடி. மற்றதெல்லாம் கூச்சப்பட்ட செடி. ஒன்றல்ல, இரண்டு செடிகள்.

"அப்ப என் கண்ணும் ஏமாந்துதான் போச்சு" என்று சொல்லி, சேற்றுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் அதைப் பிடுங்கவைத்துவிட்டேனே என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

பம்ப் ரூமுக்குப் பின்னால்

"வாங்க" என்று செலின் முன்னால் நடந்தார்.

பம்ப் ரூமுக்குப் பின்னால், குழாய்த் தண்ணீர் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், துருப்பிடித்த இரும்பு வாளி ஒன்று. அதில் மண். மண்ணில் அந்தக் குத்து, பச்சை குலையாமல்.

"புடுங்கச் சொன்னீக, புடுங்கினேன். தூக்கிப் போடச் சொல்லல" என்றார்.

வாளியைச் சுற்றி ஈர மண்ணில், வரிசையும் எண்ணும் இல்லாமல், இன்னும் முப்பது நாற்பது நெல் குத்துகள் நின்றன. வாளியை வைத்தபிறகு அந்தப் பக்கம் வராத செலினே அதை எதிர்பார்க்கவில்லை. பின்னாலேயே வந்த ரீத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"உசுரோட இருக்குற பயிரத் தூக்கி வரப்புல போட்டா மனசு கேக்குமா? வீட்டுக்குப் போறப்ப ஊண்டி வச்சிட்டுப் போனோம். கொஞ்சத்த மாடு தின்னுருச்சு" என்றார் ரீத்தம்மாள்.

அப்போதுதான் சொன்னேன். "செலின், நேத்துத் தெரிஞ்சதுன்னு சொன்னது பொய். ரெண்டு நாளைக்கு முன்னாடியே தெரியும்."

செலினின் சிரிப்பு போய்விட்டது. "ரெண்டு நாளா? உங்களுக்கு ரெண்டு நாளு. அதுக்கு?" வயலைக் காட்டினார். "அது காத்திருக்குமா?"

வாளியை ஒளித்துவைத்ததும் ஒரு பொய்தானே என்று எனக்கு வாய் வரை வந்தது. நல்லவேளையாகச் சொல்லவில்லை. அவர் ஒளித்தது ஒரு செடியைக் காப்பாற்ற. நான் ஒளித்தது என்னைக் காப்பாற்ற.

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் இலை கத்தரிக்க வந்தார். நிற்கிற ஒவ்வொரு குத்திலும், இரட்டைக் குத்தானால் இரண்டு செடியிலும் தனித்தனியாக, வாளியில், பம்ப் ரூம் ஈரத்தில், எல்லாவற்றிலும் எடுத்தோம். இம்முறை எடுத்த கையோடு செடியிலேயே தகர அட்டை கட்டினோம். கம்பியை முறுக்கி முறுக்கி ரீத்தம்மாளின் ஆட்களுக்கு விரல் சிவந்துவிட்டது. மூன்று வார வேலையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஐந்து நாளில் முடித்தோம். தலைவரே வந்து இலை அரைத்தார்.

வாளிக் குத்தின் இரண்டு செடியில் ஒன்றுக்குக் கோடு இருந்தது. ஒன்றுக்கு இல்லை.

செலினிடம் அதைச் சொன்னபோது, "பாதி ஏமாந்திருக்கேன்" என்றார். பேச ஆரம்பித்துவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. பூக்கள் விரியும் வாரத்துக்கு ஒருநாள் முன்னதாகப் பட்டியல் அவர் கைக்குப் போனது. கத்தரிக்கோலும் இடுக்கியுமாக உட்கார்ந்து, பூப்பூவாகக் கலப்புச் செய்து, காகித உறை மாட்டினார். வாளியிலிருந்த செடிக்கும்தான்.

ஊதா

அடுத்த புரட்டாசி. செலினுக்குக் கடைசிப் பருவம். இந்தமுறை நாற்றங்காலிலேயே இலை பார்த்து, பட்டியல் வந்த பிறகு, கோடு உள்ள நாற்றை மட்டும் நட்டோம். நாற்றுக்கு வயது கொஞ்சம் கூடிப்போனதுதான். பரவாயில்லை என்று ரீத்தம்மாள் சொல்லிவிட்டார்.

"ஆனா அக்கா, பாடுவாசி மட்டும் கூடாது. ஓட்டை விழுந்தா ஓட்டையாவே இருக்கட்டும்" என்றார் செலின்.

ரீத்தம்மாள் சரி என்றார். பத்து நாள் கழித்து நான் போனபோது வயல் பக்கமே பார்க்காமல் நடந்துபோனார். கல்லல் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம், நட்டது யார், இப்படிச் சொட்டை சொட்டையாக இருக்கிறதே என்று கேட்கிறார்களாம். அவர் சம்பந்தி வீட்டார்வரை பேச்சுப் போய்விட்டதாம்.

"இருவது வருசமா நடுறேன். எனக்கு இந்தப் பேரு வேணாம் செலினு. வேற ஆளப் பாத்துக்க."

செலின் என்னைப் பார்த்தார். என்னிடம் ஜெல் இருந்தது, மருந்து இருந்தது, இதற்கு ஒன்றும் இல்லை.

"இல்லாட்டி ஒண்ணு செய்யி" என்று ரீத்தம்மாளே ஆரம்பித்தார். "பண்ணையில வேடிக்கைக்குன்னு ஊதாக் கலர்ல ஒரு நெல்லு வச்சிருக்கியே, இலையெல்லாம் கத்திரிக்காக் கலர்ல. அத வைக்கிறேன். ஓட்டையும் அடையும். இது வேற, அது வேறன்னு உன் கண்ணுக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியும்."

'தம்பிக்கும்' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

அப்படியே செய்தோம். பச்சை வயலில் ஊதாப் பொட்டு வைத்தது போல் இருந்தது. சிவகங்கையிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், இது என்ன நோய் என்று கேட்டார். வீட்டில் ஆத்தாவிடம் சொன்னேன். "இலையே கவுனி அரிசிக் கலர்லயா?" என்று ஆச்சரியப்பட்டு, அரிசியும் அப்படித்தானா, பாயசம் வைக்கலாமா என்று விசாரித்தார். என் வேலையில் அவருக்கு வந்த முதல் அக்கறை அது.

மார்கழியில் பனி இறங்கியது. பல வருடமாகக் காணாத பனி. காலை எட்டு மணிக்கும் இலையில் நீர் சொட்டியது. சுற்றுவட்டாரத்தில் குலைநோய் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. செலின் ஆள் அனுப்பினார். முதல் பஸ்ஸில் போனேன். அவருக்கும் எனக்கும் ஒரே பயம்தான், வெளியே சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அடையாளம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறதா என்று வயல் சொல்லப்போகிற நாள் அது.

வரப்பில் செருப்பை விட்டுவிட்டு இறங்கினேன். வரிசை வரிசையாகப் போனோம். சிவப்பு நெல்லின் பிள்ளைகள் இலையில் ஓரிரு ஊசிப் புள்ளியோடு நிமிர்ந்து நின்றன. கழுத்து ஒடிந்த கதிர் ஒன்றுகூட இல்லை. பத்தாவது வரிசை தாண்டியதும், "ஒருவேளை இங்க நோயே வரலையோ?" என்றார் செலின். இத்தனை வருடமாக அவரைக் காயப்போட்ட சந்தேகம்.

"வராம என்ன? இங்குட்டு வந்து பாரு என் பாட்ட" என்று வயலின் அந்தக் கோடியிலிருந்து ரீத்தம்மாள் சத்தம் போட்டார்.

ஊதாக் குத்துகள் எல்லாம் கருகியிருந்தன. வரிசைக்கு இரண்டு மூன்று. தீயில் வாட்டியது போன்ற இலைகள், கழுத்தொடிந்து தொங்கும் கதிர்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு பக்கமும் செலினின் செடிகள் பச்சையாக நின்றன.

செலின் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கியது.

"நான் வச்சது பூராம் போச்சு, இவ உக்காந்து சிரிக்கிறா" என்றார் ரீத்தம்மாள், நிஜமான வருத்தத்தோடு.

"அக்கா, நீங்க வச்சது செத்ததுனாலதான் நான் வச்சது ஏன் நிக்கிதுன்னு தெரியுது."

ரீத்தம்மாள் கருகிய குத்து ஒன்றைப் பிடுங்கி, இந்தமுறை எங்கும் ஊன்றி வைக்காமல் வரப்பில் போட்டார். பிறகு குத்து இருந்த பள்ளத்தைக் காலால் தட்டி மூடினார்.

"அதுக்காக அடுத்த வருசமும் ஓட்டையா விடச் சொல்லாத" என்றார்.

அடுத்த வருசம் என்று அவர்தான் முதலில் சொன்னார்.